ஒன்று புள்ளி ஒன்று வினாடி

ஹெல்சிங்கி,
11 அக்டோபர் 1993

அன்புள்ள ஓஸ்மோ,

ஒரு அரங்கு செத்துவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. அரங்குகளின் ஒலியை அளப்பதுதான் இத்தனை வருஷமாக என் வேலை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. எண்கள் எல்லாம் ஒழுங்காக வந்த அரங்குகளில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கியிருக்கிறேன். எண்கள் உதவாத ஒரு மரத் தேவாலயத்தில் கச்சேரி முடிந்த பின்னும் எழுந்து வர மனமில்லாமல் இருந்திருக்கிறேன். அதனால், 'கொய்வுரந்தா அரங்கு செத்துவிட்டது' என்று நான் எழுதித் தருவேன் என எதிர்பார்க்காதே. வந்து அளக்கிறேன். என்ன வருகிறதோ அதை எழுதித் தருகிறேன்.

முதலில் காலி அரங்கை அளக்க வேண்டும். நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு அரங்கைத் திறந்து கொடு. காற்றோட்ட இயந்திரம் நின்றிருக்க வேண்டும். சுத்தம் செய்பவர்கள் யாரும் வரக்கூடாது. நீயும் பேசக்கூடாது.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கட்டிய மனைவி ஹெல்வி சொல்லிக் கொடுத்தாலும் நீ பயிற்சிகளைச் செய்யமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். எனக்கு ஒரு இருமல். ஆய்வகத்தில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், மீதிப் பேர் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்கிறோம். கடிதமே எழுது. தொலைபேசியில் நாம் இருவரும் ஒரு நிமிடத்தில் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

ஹெல்விக்கு என் அன்பு.
ரைலி


கொய்வுரந்தா,
24 அக்டோபர் 1993

அன்புள்ள அக்கா,

நலம். முதுகு மட்டும் தனியாக ஒரு கட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. ஹெல்வியும் நலம், உன் இருமலுக்குக் கருந்திராட்சைச் சாறு குடிக்கச் சொல்கிறாள்.

நான் பேசமாட்டேன், சத்தியம். ஆனால் இப்போது கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். ஊதிக்கொண்டிருந்த பஸூனைப் பெட்டியில் வைத்துவிட்டு இந்த இசைக்குழு மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமும் நான் சொல்லி வருவது ஒரே விஷயம்: மேடையில் எங்கள் ஆட்களுக்கு ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. வயோலா வாசிப்பவருக்கு ஓபோ ஊதுவது கேட்காது. ஹார்ன் ஊதுபவருக்கு யாருமே கேட்காது. போன வருஷம் ஒரு வயோலாக்காரன் வேலையை விட்டுப் போனான், இந்த வருஷம் இன்னொருவன். போகும்போது அவன் சொன்னான், "சார், தனியா வாசிக்கறதுன்னா நான் வீட்லயே வாசிப்பேனே."

போன வாரம் நகரசபை நிதிக்குழுத் தலைவி கெத்துனெனைப் போய்ப் பார்த்தேன்.

"கச்சேரிக்கு வர்றவங்க யாரும் என்கிட்ட புகார் சொல்லலையே, ஓஸ்மோ?"

"வர்றவங்களுக்குக் கேக்குது மேடம். வாசிக்கறவங்களுக்குத்தான் கேக்கல."

"அப்போ வாசிக்கறவங்கள மாத்திப் பாக்கலாமா?"

நான் பாதி சிரித்துவைத்தேன். பிறகு அவரே சொன்னார்: "இங்க பாருங்க, வேலையில்லாதவங்க வரிசை இந்தக் கட்டடத்தச் சுத்தி நிக்குது. உணர்ச்சி எல்லாம் சபையில எடுபடாது. ஒரே ஒரு எண் கொண்டு வாங்க. நாப்பது லட்சம் மார்க்கா பணம் கேக்கறீங்க, ஒரு எண்ணாவது வேண்டாமா?"

ஏப்ரலில் சபை கூடுகிறது. ஒன்று அரங்கைச் சீர்செய்யப் பணம் ஒதுக்குவார்கள். இல்லையென்றால் எங்களைப் பக்கத்து நகரத்து இசைக்குழுவோடு இணைத்துவிடுவார்கள். இணைத்தால் பாதிப் பேருக்கு நாற்காலி இருக்காது. அவ்வளவுதான் கதை. அந்த ஒரு எண்ணுக்காகத்தான் உன்னைத் தொந்தரவு செய்கிறேன்.

உன் தம்பி,
ஓஸ்மோ


ஹெல்சிங்கி,
2 டிசம்பர் 1993

அன்புள்ள ஓஸ்மோ,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஹெல்வி கொடுத்த ஏலக்காய் பன்னைத் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டேன். நீ சத்தியத்தைக் காப்பாற்றினாய். ஒரே ஒரு முறை தும்மினாய், அந்த அளவை நீக்கிவிட்டேன்.

முதல் கணக்கு முடிந்தது. ஒலியை நிறுத்திய பின் அது முழுக்க அடங்க எடுக்கும் நேரம்தான் கெத்துனென் கேட்கும் எண். இசைக்கான அரங்கில் அது ஏறத்தாழ இரண்டு வினாடி இருந்தால் நல்லது. உங்கள் காலி அரங்கில் ஒன்றே முக்கால் வருகிறது. பிரமாதம் இல்லை, மோசமும் இல்லை. எழுபதுகளில் கட்டிய கான்கிரீட் அரங்குகள் பலவும் இப்படித்தான்.

ஆனால் காலி அரங்கின் எண்ணை வைத்து யாரும் முடிவெடுக்கக்கூடாது. மனிதர்கள் ஒலியை உறிஞ்சுகிறார்கள். இருக்கைகள் நிரம்பியபின் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு அரங்கு நிறைய ஆட்கள் வேண்டும், கச்சேரி வேண்டாம். சும்மா உட்கார்ந்து, ஒலிபெருக்கி எழுப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இருமாமல் இருக்கத் தெரிந்தவர்கள். கச்சேரிக்கு எப்படி உட்காருவார்களோ அப்படியே உட்கார வேண்டும். இதற்கு மேல் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மேடையிலும் சில மைக்குகள் வைத்தேன். அந்தக் கணக்கைப் பிறகு போடுகிறேன். நேரமில்லை.

இருமல் போகவில்லை. திராட்சைச் சாறு வீண்.

ரைலி


கொய்வுரந்தா,
16 ஜனவரி 1994

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று ஹெல்வி இரண்டு தட்டு அதிகமாக வைத்திருந்தாள். இரண்டாவது தட்டு யாருக்கு என்று கேட்டேன், "அவங்க என்னைக்காவது யாரையாவது கூட்டிட்டு வரலாம்ல?" என்றாள். இந்த ஊரில் நம்பிக்கை இன்னும் சாகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். ராணுவ முகாமில் கட்டாயப் பயிற்சிக்கு வந்திருக்கும் பையன்களை அனுப்புவதாகக் கர்னல் ஒப்புக்கொண்டார். மீதி இடங்களை நகரசபை ஊழியர்களும் எங்கள் குழுவின் குடும்பங்களும் நிரப்புவார்கள். பிப்ரவரி ஒன்பது, புதன்கிழமை. கர்னலிடம், "அசையாம உக்காரணும்" என்று சொன்னேன். "அது ஒண்ணுதான் அவனுங்களுக்கு ஒழுங்கா வரும்," என்றார்.

உன் இருமல் பற்றி நீ எழுதும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரைப் பார்.

ஓஸ்மோ


ஹெல்சிங்கி,
13 பிப்ரவரி 1994

அன்புள்ள ஓஸ்மோ,

மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. நிமோனியா என்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வர வேண்டாம். சாப்பாடு சப்பென்று இருக்கிறது, பக்கத்துப் படுக்கைக்காரி நாள் முழுக்க வானொலி கேட்கிறாள்.

என் இடத்தில் ரென்ஸோ வந்து அளந்தது நல்லதாகப் போயிற்று. இத்தாலியில் போலோன்யாவிலிருந்து ஒரு வருஷத்துக்கு எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருப்பவன். கவனமானவன். எங்கள் குளிர் ஒன்றைத் தவிர எதைப் பற்றியும் புலம்பாதவன். நேற்று அவன் எண்களைக் கொண்டுவந்தான்.

ஒன்று புள்ளி ஒன்று வினாடி. இது சினிமாக் கொட்டகையின் எண். ஒன்றே முக்காலிலிருந்து ஒன்றரைக்கு இறங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு ஆளும் உறிஞ்ச வேண்டியதைப் போல இரண்டு மடங்கு உறிஞ்சியிருக்கிறான். அதிலும் மேல் ஸ்தாயி ஒலிகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. இப்படி ஒரு பார்வையாளர் கூட்டத்தை நான் எங்கும் அளந்ததில்லை.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். பின்சுவர்த் திரைகள் இறக்கியிருந்தனவா? பக்கக் கதவுகள் மூடியிருந்தனவா? பையன்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள்?

உன் முதுகைக் கேட்டதாகச் சொல்.

ரைலி


கொய்வுரந்தா,
20 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்கா,

நீ படுக்கையில் இருக்கிறாய் என்று ரென்ஸோ சொல்லித்தான் தெரியும். வர வேண்டாம் என்று எழுதினால் வரமாட்டேன் என்று நினைத்தாயா? ஹெல்வி டிக்கெட் வாங்கப் போனாள், அதற்குள் நீ வீடு திரும்பிவிட்டதாக உன் ஆய்வகத்தில் சொன்னார்கள். கம்பளிக் காலுறைகள் அனுப்பியிருக்கிறாள். போட்டுக்கொள்.

ஒன்று புள்ளி ஒன்று! அக்கா, எனக்கு ஆடத் தோன்றியது. முதுகு விடவில்லை. நம் உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டுவிட்டது: 'நம் அரங்கு ஒரு சினிமாக் கொட்டகை'. இறைச்சிக்கடையில் ஒரு பெண்மணி என்னை நிறுத்தி, "ஒண்ணு புள்ளி ஒண்ணாமே, அவ்வளவு மோசமா?" என்று கேட்டார். ஒன்பது வருஷமாக என் வாயால் சொல்லிக் கேட்காதவர்கள் ஒரு எண்ணைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். கெத்துனென் என்னைப் படிக்கட்டில் பார்த்து, "கொண்டுவந்துட்டீங்களே!" என்றார். இரண்டு கட்சிகள் ஆதரவு தருவதாகப் பேச்சு. குழுவில் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிச்சி. தூலிக்கி, மிச்சமிருக்கும் எங்கள் மூத்த வயோலா, வேறு ஊருக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள்.

நீ கேட்டதற்கு: திரைகள் ஏற்றியே இருந்தன. பக்கக் கதவுகள் மூடியிருந்தன, நானே பார்த்தேன். அறிக்கையை மார்ச் கடைசிக்குள் அனுப்பிவிட முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். இந்த முறை நிஜமாகவே.

ஓஸ்மோ


ஹெல்சிங்கி,
1 மார்ச் 1994

அன்புள்ள ஓஸ்மோ,

காலுறைகள் வந்தன. போட்டிருக்கிறேன். ஹெல்விக்கு நன்றி சொல். நேற்றிலிருந்து அரை நாள் வேலைக்குப் போகிறேன்.

மூன்று கேள்வி கேட்டேன். இரண்டுக்குப் பதில் வந்தது.

நேற்று ரென்ஸோவோடு காபி குடித்தேன். திடீரென்று கேட்டான், "ரைலி, ஒண்ணு கேக்கலாமா? உங்க ஊர்ல எல்லாரும் கோட்ட மடியில வெச்சுகிட்டுத்தான் கச்சேரி கேப்பீங்களா?"

"எந்தக் கோட்டு?"

"அந்தப் பையனுங்க. ஒவ்வொருத்தன் மடியிலயும் பெரிய கம்பளிக் கோட்டு, மூட்ட மாதிரி. எனக்குப் பாத்தா ஆசையா இருந்துச்சு. நானும் என் கோட்டப் போட்டுக்கிட்டேதான் அளந்தேன். இந்தக் குளிர்ல இதுதான் புத்திசாலித்தனம்னு நினைச்சேன்."

அவன் மேல் பிழை இல்லை. அவன் ஊரில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது பெரிய விஷயமே இல்லையாம். நம் ஊரில் ஒரே ஒரு ஆள் கோட்டோடு அரங்குக்குள் வந்தாலும் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கோட்டு அறையில் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று நம்மில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. உனக்கு எழுதும்போதும் அதனால்தான் நான் அதை எழுதவில்லை.

ராணுவக் கோட்டு ஒவ்வொன்றும் இன்னொரு ஆளைப் போல ஒலியைத் தின்னும். அதைக் கழித்துக் கணக்குப் போட்டால் ஒன்றரை வினாடிக்கு அருகில் வருகிறது. டிசம்பரில் நான் எதிர்பார்த்த எண்.

நீ அங்கே இருந்தாய். உன் கண்ணில் படவில்லையா?

ரைலி


ஹெல்சிங்கி,
24 மார்ச் 1994

அன்புள்ள ஓஸ்மோ,

நலமா? பதில் வரவில்லை. ஹெல்வியோடு தொலைபேசியில் பேசினேன். நீ நலம் என்றாள், வேலை அதிகம் என்றாள். பிறகு இருவரும் பனி உருகுவதைப் பற்றிப் பேசினோம்.

அறிக்கை முடிந்துவிட்டது. உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று புள்ளி ஒன்றை அதில் எழுதியிருக்கிறேன், கோட்டுகளோடு அளந்தது என்றும் எழுதியிருக்கிறேன். சரியான எண் ஒன்றரை. அந்த எண்ணை வைத்து நாற்பது லட்சத்தை யாராலும் கேட்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பரில் மேடையில் வைத்த மைக்குகளின் கணக்கை இப்போதுதான் போட்டேன். நீ சொன்னது சரி. மேடைக்கு மேலே கூரை மிக உயரம், பக்கச் சுவர்கள் மிக விலகி இருக்கின்றன. வயோலா இருக்கையில் எழும் ஒலியில் ஓபோ இருக்கைக்குத் திரும்பி வருவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. அரங்கு சாகவில்லை, மேடைக்குத்தான் காது கேட்கவில்லை. ஒன்பது வருஷமாக நீ சொன்ன குறை உண்மையானது. வினாடிக் கணக்கில் அது தெரியாது, அவ்வளவுதான்.

அதற்கு மருந்தும் சுலபம். வாசிப்பவர்களின் தலைக்கு மேலே, சாய்வாக, ஒலியைத் திருப்பி அனுப்பும்படி கனமான மரப்பலகைகளைத் தொங்கவிட வேண்டும். உங்கள் ஊரிலேயே ப்ளைவுட் ஆலை இருக்கிறது. இதைப் போன வருஷமே நான் பார்த்துச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் கேட்ட எண்ணின் பின்னால் நானும் போனேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ரைலி


கொய்வுரந்தா,
30 மார்ச் 1994

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

பார்த்தேன். கண்ணில் பட்டது.

கோட்டு அறைப் பெண்களை அன்றைக்குக் கூப்பிடவில்லை. கச்சேரி இல்லாத நாளில் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று நகரசபை சொல்லிவிட்டது. பையன்கள் வந்து வரிசையில் நின்றார்கள். சார்ஜெண்ட் கேட்டான், "சார், கோட்டெல்லாம் எங்க மாட்டறது?" நான், "மாட்ட ஆளில்லப்பா, மடியில வெச்சுக்கட்டும்," என்றேன். அந்த நேரத்தில் வேறு நினைப்பு எதுவும் இல்லை. மணியாகிறதே என்ற கவலை மட்டும்தான்.

பிறகு கதவருகே நின்று திரும்பிப் பார்த்தேன். அரங்கு முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளி. அப்போது தெரிந்துவிட்டது. உன் தம்பி நான், கம்பளி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? ரென்ஸோ எனக்குப் பத்தடி தூரத்தில் வயர்களோடு குனிந்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வெளியே போய் இன்னொரு காபி ஊற்றிக்கொண்டேன்.

நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும். கண்டுபிடிப்பதற்குள் சபை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நீ படுத்திருக்கிறாய் என்று நினைத்தபோது, இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

பலகைகள் என்கிறாய். சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீ சபையில் உட்கார்ந்ததில்லை. பலகை கேட்டுப் போனால் பலகையும் கிடைக்காது. நாற்பது லட்சம் கேட்டால்தான் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பொய்யான எண் உண்மையான ஒரு விஷயத்துக்காகத்தான் பேசியது. தூலிக்கி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டாள், அக்கா. அந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளிடம் நான் என்ன சொல்வேன்?

அறிக்கையை இரண்டு வாரம் தள்ளி அனுப்ப முடியாதா? கோபமா?

ஓஸ்மோ


ஹெல்சிங்கி,
6 ஏப்ரல் 1994

அன்புள்ள ஓஸ்மோ,

உன் கடிதம் வந்தது. கோபமா என்று கேட்டாய். களைப்பாக இருக்கிறது. மூச்சு இன்னும் படியேற விடுவதில்லை, அதனால் இருக்கலாம்.

அறிக்கையை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். தள்ளி அனுப்ப முடியாது. ஒரு விஷயம் உண்மை என்பதற்காக அதைச் சொல்லும் எண்ணும் உண்மையாகிவிடாது. இதை நான் விட்டுக்கொடுத்தால், நாளைக்கு மேடையைப் பற்றி நான் சொல்வதையும் யாரும் நம்பத் தேவையில்லை.

பதினொன்றாம் தேதி சபைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோட்டுகள் இருந்தன என்று சொல்வேன். யார் வைத்துக்கொள்ளச் சொன்னது என்று கேட்டால், நான் அங்கே இல்லை என்று சொல்வேன். அதுவும் உண்மைதான். மற்றதை நீ பார்த்துக்கொள்.

ஹெல்வியிடம் எனக்கு ஒரு படுக்கை போடச் சொல். உன் முதுகுக்கு ஒரு களிம்பு கொண்டுவருகிறேன்.

ரைலி


கொய்வுரந்தா, உன் வீட்டுச் சமையலறை,
11 ஏப்ரல் 1994, மாலை

அன்புள்ள ஓஸ்மோ,

ஏரிக்கரை மரவீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாய் என்று ஹெல்வி சொன்னாள். அங்கே தொலைபேசி கிடையாது, இருந்தாலும் நீ எடுக்கமாட்டாய். சனிக்கிழமை அவள் வரும்போது இதைக் கொண்டுவருவாள். அடுப்பு மூட்டினாயா? அங்கே இன்னும் ஏரி உறைந்துதான் இருக்குமாம். முதுகை வைத்துக்கொண்டு விறகு பிளக்காதே.

இன்று சபையில் நீ கடைசி வரிசையில் இருந்தாய். கெத்துனென் என்னிடம், "அப்போ அந்த ஒண்ணு புள்ளி ஒண்ணு பொய்யா?" என்று கேட்டதும், "எண் பொய் இல்ல, கோட்டோட இருந்த அரங்குக்கு அதுதான் எண்" என்று நான் சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் உனக்குத் தெரியும். சபை உறுப்பினரான மீன் சந்தைக்காரர், "அரங்குக்குள்ள கோட்டா? எந்த மடையன் உள்ள விட்டான்?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்து நின்று, "நான்தான். தெரிஞ்சேதான்," என்றாய். பிறகு கதவைத் திறந்து போய்விட்டாய். 'தெரிஞ்சேதான்' என்பதை நீ சேர்த்திருக்கத் தேவையில்லை. சேர்த்தாய்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்ச நேரம் ஒரே சத்தம். உன்னை நீக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதை இசைக்குழுவின் நிர்வாகக் குழு அடுத்த வாரம் பேசும். நாற்பது லட்சம் இல்லை என்று முடிவாகிவிட்டது, ஆதரவாக ஏழு பேர்தான் கை தூக்கினார்கள். இணைப்புப் பேச்சை ஒரு வருஷம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் நீயும் இல்லை, நானும் இல்லை. பக்கத்து நகரத்தில் நம்மைவிடப் பணம் குறைவாம்.

படியிறங்கும்போது கெத்துனென் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அறிக்கையில கடைசிப் பக்கத்துல பலகை பலகைன்னு ஏதோ எழுதியிருக்கீங்களே, அது என்ன?"

சொன்னேன்.

"ப்ளைவுட்டா? இந்த ஊரே ப்ளைவுட்டாலதான் ஓடுது. இத ஏன் அந்த மனுஷன் ஒன்பது வருஷத்துல ஒரு தடவ கூடக் கேக்கல?"

"அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லல."

"தொங்கவிட்டா சரியாயிடுமா?"

"தெரியாது," என்றேன். "சரியாகலாம்."

"நீங்க ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்தவங்கன்னு நம்பவே முடியல," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மிச்சத்தை நாளை எழுதுகிறேன். எழுத ஏதாவது இருந்தால்.


12 ஏப்ரல், பிற்பகல்

இன்று நடந்தது இது.

காலையில் ஆலை லாரி ஒன்று மேடைக்கதவில் வந்து நின்றது. கெத்துனெனின் மைத்துனர் அங்கே கிடங்கைப் பார்த்துக்கொள்கிறாராம். பிர்ச் மரத்தில் செய்த ஆறு கனத்த பலகைகள், ஓரம் சிதைந்ததால் விற்க முடியாதவை. கடன்தான், மே மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேடை ஆட்கள் விளக்குக் கம்பிகளில் அவற்றைக் கட்டினார்கள். நான் கீழே நின்று, கொஞ்சம் சாய்க்கவும் கொஞ்சம் நிமிர்த்தவும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பலகை கோணலாகவே நின்றுவிட்டது.

பத்து மணிக்கு ஒத்திகை. எல்லோருக்கும் நேற்றைய சேதி தெரிந்திருந்தது.  தூலிக்கி என்னைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சுருதி சேர்த்து ஆரம்பித்தார்கள். முதல் பக்கம் முடியவில்லை, தூலிக்கி வயோலாவின் வில்லை இறக்கிவிட்டாள்.

"எர்க்கி, இன்னிக்கு என்ன இவ்வளவு சத்தமா ஊதற?"

ஓபோக்காரர் திரும்பினார். "நான் என்னைக்கும் ஊதறதுதான். உனக்கு இன்னிக்குத்தான் கேக்குது."

"அப்போ என்னைக்கும் இப்படித்தான் சுருதிய ஏத்தி ஊதறியா?"

"நான் ஏத்தல. நீ இறக்கி வாசிக்கற. எனக்கும் இன்னிக்குத்தான் கேக்குது."

பின்னாலிருந்து ஹார்ன்காரர், "அப்பாடா, நான் மட்டும்தான் தப்புன்னு இத்தன நாளா நினைச்சேன்," என்றார். யாரோ சிரித்தார்கள். தலைமை வயலின் கலேவி எழுந்து, "சண்டைய அப்புறம் போடலாம், மறுபடி சேத்துக்கலாம்," என்றார். மறுபடி சுருதி சேர்த்தார்கள். மறுபடி நின்றார்கள். ஒத்திகை முழுவதும் முதல் பாகத்தைத் தாண்டவில்லை. ஒருவர் இன்னொருவரிடம், நீ இந்த இடத்தில் வேகமாகப் போகிறாய், நீ அந்த இடத்தில் இழுக்கிறாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வாசித்தது மோசமாகத்தான் இருந்தது. முடிக்க வேண்டிய நேரம் வந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

இது பலகைகளால் வந்ததா, பலகைகள் தொங்குவதைக் கண்ணால் பார்த்ததால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அளக்கும் கருவிகள் எதுவும் நான் கொண்டுவரவில்லை. ரென்ஸோவை அடுத்த மாதம் அனுப்புகிறேன்.

தூலிக்கி வயோலாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள், "அந்த வேல எனக்குப் போனதுக்கு உங்க தம்பிதான் காரணம். தெரியுமா?"

"தெரியும்."

"அவர் முகத்தப் பாத்து நாலு வார்த்த கேக்கணும் எனக்கு. எப்போ வருவார்?"

தெரியாது என்றேன். கலேவி பக்கத்தில் வந்து நின்றார். அண்ணாந்து பலகைகளைப் பார்த்தார், பிறகு பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டார், "சரி, இன்னிக்கு இங்க என்ன ஆச்சுன்னு ஓஸ்மோகிட்ட யார் சொல்றது?"

தூலிக்கி பெட்டியை மூடினாள். நான் எழுதுகிறேன் என்று சொன்னேன்.

ரைலி